'நோ'வுக்கு ஒரு விரல்

சிறைக்கதவுகளைத் திறக்கும் நிரலைச் செய்ய ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியையே முதலில் மூலநிரலிலிருந்து, அதாவது சோர்ஸ் கோடிலிருந்து, கணினியில் கட்டி நிறுவ வேண்டும். இன்பராஜையும் ரெஜினா அக்காவையும் அவர்கள் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து ரவுடி சங்கிலியின் ஆட்கள் தூக்கி வந்தது அதற்குத்தான். இன்பராஜ் ஆணையைத் தட்டியதும், கணினி தன்னைத்தானே சோதித்துக் கேள்வியும் பதிலுமாகத் திரையில் ஓட்டியது. பாதிக் கேள்விகளுக்கு 'நோ' என்றுதான் வரும். அதனால் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் சங்கிலிக்குப் படிக்கத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ இரண்டுதான். முதல் 'நோ' வந்ததுமே, மேசையில் அழுத்திப் பிடித்திருந்த அக்காவின் சுண்டுவிரலில் சுத்தியலை இறக்கினான்.

"அண்ணே, அது தப்பில்லண்ணே! எப்பவும் அப்படித்தான் சொல்லும்!"

"எங்கிட்டயே நோ சொல்லுமா?"

அடுத்த விரலும் நொறுங்கியது.

இன்பராஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 'யெஸ்' என்று எழுதுவதைத் தவிர எதையும் சோதிக்காத, எதையும் கட்டாத வேறோர் ஆணையைத் தட்டினான். யெஸ், யெஸ், யெஸ் என்று திரை வரிவரியாக ஓடத் தொடங்கியது.

"பாத்தியா, ரெண்டு விரல் போனதும் மெஷினுக்கே புத்தி வந்துருச்சு." சங்கிலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லி அனுப்பினான்.

திரையைப் பார்த்த அக்காவுக்கு அது என்ன ஆணை என்று புரிந்துவிட்டது.

"எப்படா நிக்கும்?" என்றாள், உதடு அசையாமல்.

"நிக்கவே நிக்காதுக்கா."