இரண்டு மணிக்குத் தமிழரசு

“காலைல ஏழு மணிக்கு மட்டும் மாத்திடாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!”

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டு வரை எட்டுப் பெண்கள். அம்பத்தூரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இயங்கிய அந்தச் சின்ன எஃப்.எம். நிலையத்துக்கு இத்தனை நேயர்கள் சேர்ந்து வந்ததே இல்லை.

“யாரும்மா நீங்க?”

“என் பேரு வேம்புலியம்மா. எல்லாருமே முத்தாபுதுப்பேட்டைதான். ரெண்டு ஷேர் ஆட்டோ புடிச்சு வந்துகீறோம். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பேசுவாரே தமிழரசு, அவரைப் பாக்கணும்.”

“நான்தாம்மா தமிழரசு.”

பெண்கள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். “கொரலக் கேட்டா ரிட்டயர்டு வாத்தியாராட்டம் கீது. இவுரு சின்னப் பையன்க்கா” என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள்.

தமிழரசுவுக்கு அது காதில் விழவில்லை. அவன் மனம் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது.

அவன் நடத்தும் நிகழ்ச்சியின் பெயர் ‘அறிவுக்கு ஒரு மணி நேரம்’. பாட்டு கிடையாது. குண்டூசி பிறந்த கதை, உப்பளங்களின் வரலாறு என்று ஒரு மணி நேரம் அவன் மட்டுமே பேசுவான். ஆறு வருடங்கள் அது இரவு ஒன்பது மணிக்கு ஒலிபரப்பானது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது, அவன் பெயருக்கு நேராக எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும் இருந்தது.

நிலையத் தலைவி கிருஷ்ணப்பிரியா, சத்தமில்லாமல் இழுத்து மூடிவிடலாம் என்ற எண்ணத்தில் அதை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளினாள். ஆறே மாதத்தில் ஆவடிப் பக்கம் அதுதான் முதலிடம்!

“எல்லாம் நேரம் மாத்தினதுதான் தமிழரசு” என்பாள் கிருஷ்ணப்பிரியா.

“நேரத்துல என்ன மேடம் இருக்கு? சரக்கு இருக்கணும்” என்பான் அவன்.

சரக்கோ நேரமோ, திங்கட்கிழமை முதல் அவனுக்குக் காலை ஏழு மணி என்று ரேடியோவிலேயே அறிவித்தாகிவிட்டது. எந்த அறிவிப்பாளரும் ஏங்குகிற நேரம். குமணன்சாவடி சந்திப்பில் அவன் முகத்தோடு பேனர் வைக்கப் போகிறார்கள். மனைவி ரேகா அயனம்பாக்கம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

இப்போது வாசலில் ஒன்பது பெண்கள், வேண்டாம் என்கிறார்கள்.

“அவ்வளவு விரும்பிக் கேக்கறீங்களாம்மா?” என்றான் தமிழரசு.

“இன்னா நைனா இப்டி கேட்டுட்ட! ரெண்டு மணி ஆச்சின்னா எங்க தெருவுல ஒரு சத்தம் இருக்காது. குக்கர் கூட வைக்க மாட்டோம். எல்லா ஊட்லயும் உன் கொரல்தான்.”

“என் ஊட்டுக்காரருக்கு நீங்கன்னா உசுரு சார்” என்றாள் இடுப்பில் குழந்தையோடு நின்ற சிம்ரன். “போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டீங்களே, உங்களுக்குப் பதிலா பாட்டுப் போட்டாங்க. மனுசன் பேய் புடிச்சா மாதிரி ஊட்டுக்குள்ளயே சுத்திகினு இருந்தாரு. யாரு பேசினாலும் எரிஞ்சு எரிஞ்சு விழுந்தாரு.”

“என் ஊட்லயும் அதே கததான்” என்றது இன்னொரு குரல்.

தமிழரசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆறு வருடம் யாருமே இல்லாத இருட்டைப் பார்த்துப் பேசியவன் அவன்.

சத்தம் கேட்டு கிருஷ்ணப்பிரியா வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னார்கள்.

“மேடம்” என்றான் தமிழரசு, நெஞ்சை நிமிர்த்தி. “எனக்கு ஏழு மணி வேண்டாம். இவங்களை விட்டுட்டு நான் வர மாட்டேன்.”

“உளறாதீங்க. நாளைக்கு பேனர் வைக்கறாங்க.”

“வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“சம்பளம் ஏறாது. ஏழு மணியைப் பாட்டுப் போடற வினோத்துக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் அழுதுகிட்டு வரக்கூடாது.”

“கொடுங்க மேடம். கலைஞனுக்கு ரசிகன்தான் முக்கியம்.”

 கிருஷ்ணப்பிரியா அங்கேயே நின்று வினோத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

ஒன்பது பெண்களும் ஒரே மூச்சில் அவனை வாழ்த்தினார்கள். “உன் வாய்க்கு ஒரு கொறையும் வராது நைனா. நீ நூறு வருசம் இப்டியே பேசிகினு இருக்கணும்!” என்று வேம்புலியம்மாள் அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அவர்கள் படியிறங்கும்போதுதான் தமிழரசுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. ஏழு மணிக்கு வந்தாலும் இதே தமிழரசு, இதே பேச்சுதானே? அப்ப கேக்கறதுல என்ன கஷ்டம்?”

வேம்புலியம்மாள் பதறிப்போய்த் திரும்பினாள்.

“ஐயய்யோ, அந்தப் பேச்சே ஆவாது! எங்க ஊட்டு ஆம்பளைங்க எல்லாம் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு, ஏழு மணிக்குத்தான் காதுல உங்க ரேடியோவ மாட்டிகினு பைக்ல ஊட்டுக்கு வருவாங்க. மத்தியானம் நீ வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாயில கொறட்ட வுடற மனுசங்க நைனா, ரோட்ல உன் கொரலக் கேட்டா இன்னா ஆவறது?”