பெண் பார்க்கும் ஞாயிறு

“கொஞ்சம் எழுந்து நில்லும்மா, ஒசரம் பாக்கணும்” என்றார் மாப்பிள்ளையின் தாய் வச்சலா, கைப்பேசியைப் பார்த்து.

ஷோகேஸின் மேல்தட்டில், குக்கர் டப்பாவின் மீது சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது அந்தக் கைப்பேசி. அதற்குள், ஆஸ்திரேலிய ஆப்பிள் தோட்டம் ஒன்றின் தகரக் கொட்டகையில், திவ்யா எழுந்து நின்றாள். தலை திரைக்கு மேலே போயிற்று. கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிந்தது.

தேவனேரிக் குப்பத்தின் அந்தச் சிறு கூடத்தில் பதினோரு பேர் அண்ணாந்து, ஒரு சாண் திரையில், அவள் உயரத்தை அளந்தார்கள்.

பிறகு திரும்பி நிற்கச் சொன்னார்கள். பின்னலை முன்னால் போடச் சொன்னார்கள். நாலடி நடந்து காட்டச் சொன்னார்கள்.

மீன் விற்று மகள் திவ்யாவைக் கேட்டரிங் படிக்க வைத்த பானுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏலக் கூடையில் வஞ்சிரத்தின் செவுளைப் புரட்டிப் பார்க்கும் கைக்குக்கூட இதைவிட மரியாதை தெரியும். ஆயினும், பல்லைக் கடித்துக்கொண்டு கேசரி பரிமாறினாள்.

காரணம் இருந்தது.

குலுக்கலில் ஓராண்டு வேலை விசா கிடைத்து, திவ்யா தனியே விமானம் ஏறிய அன்று குப்பமே கூடித் தீர்ப்பு எழுதியது: ஒரே மாதத்தில் அழுதுகொண்டு திரும்புவாள்.

அவள் அழவில்லை, திரும்பவும் இல்லை. எட்டு மாதங்களில், ‘வூட்டு ஞாபகமா கீது’ என்று ஒருமுறைகூட அவள் வாய் திறந்ததில்லை. திறந்தால் போதும், ‘அப்பவே சொன்னமே’ என்று பாட ஊர் காத்திருந்தது.

அழாத பெண்ணை ஊர் மன்னிக்குமா? தீர்ப்பைத் திருத்தி எழுதிற்று: கடல் தாண்டித் தனியே வாழ்ந்தவளை இனி எவன் கட்டுவான்?

அந்த வாய்களை அடைக்கப் பானுமதிக்கு மகளிடமிருந்து ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது. ‘சரி.’

அந்தச் சொல்தான் வருவதாக இல்லை. இது நான்காவது இடம். முன்பு வந்த மூன்று வீட்டாரும் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். மூவரையும் திவ்யா தட்டிக் கழித்தாள். கழித்த மறுநாளே, “வேற எடம் வந்தா வரச் சொல்லும்மா” என்று கேட்கவும் தவறியதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நிற்க வேண்டும். வேண்டும் என்றால் ஒருவனை ஏற்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

அதிலும் இந்த மாப்பிள்ளைக்கு என்ன குறை? சதுரங்கப்பட்டினத்துப் பையன். பெயர் பிரவின்குமார். மறைமலைநகரில் மேற்பார்வையாளர் வேலை. வரதட்சிணை வாங்க மாட்டேன் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டவன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் விருப்பம்போல் வேலை பார்க்கலாம் என்றும் சொன்னவன்.

அப்படிப்பட்டவனைத் திவ்யா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“அத்த, அந்தச் சேர கொஞ்சம் ஓரமா போட்டுக்கிறீங்களா?” என்றாள் வச்சலாவிடம். அவர் முகம் சுளித்தபடி சமையலறை வாசலை விட்டு நகர்ந்தார்.

“டேய் வசந்து, ஃபேன நிறுத்திட்டு ஜன்னலத் தொறடா!” என்று தம்பியை ஏவினாள். அலையின் இரைச்சல் உள்ளே வந்தது. பட்டுச்சட்டைக்காரர்கள் வியர்த்தார்கள். பானுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“என்னாண்ட எதுனா கேக்கணும்னா கேளுங்க” என்றான் பிரவின்குமார்.

“கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா? மறைக்குது.”

“மச்சான், பொண்ணு உன்ன வெளிச்சத்துல பாக்கணுங்குது!” என்றான் கூட வந்தவன். கூடம் சிரித்தது. மாப்பிள்ளை வெட்கத்தோடு நகர்ந்தான். அவனுக்குப் பின்னால், சுவரோரம், திவ்யாவின் அப்பா மூர்த்தி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

திரையில் திவ்யா முதல்முறையாகச் சிரித்தாள். அதைச் சம்மதம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

“எங்களுக்குப் புடிச்சிருக்கு” என்றார் வச்சலா.

“யோசிச்சு சொல்றேன்” என்றாள் திவ்யா.

மூன்று முறை கேட்ட அதே சொல். அதன் பொருள் இம்முறை விருந்தினருக்கும் விளங்கிவிட்டது. மிச்சக் கேசரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அவர்கள் வந்த வேன் தெருமுனை திரும்பியதும், பானுமதி கைப்பேசியை வெடுக்கென்று எடுத்து, எப்போதும்போல் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இன்னாடி கொறையக் கண்ட அந்தப் புள்ளையாண்ட?”

“ஒரு கொறையும் இல்லம்மா. ஷோக்காத்தான் கீறாரு.”

“அப்புறம் இன்னாத்துக்குடி எங்க உசுர வாங்குற? நாலு ஞாயித்துக்கெழம, நாலு தபா கேசரி! பேஜாரா கீதுடி எனுக்கு. அப்புடி இன்னாதான்டி பாக்குற நீ?”



“வீடியோல கூப்புட்டாலும் நீ போனக் காதாண்ட வச்சிக்கினுதான் பேசுற. எட்டு மாசமா உன் கம்மல மட்டுந்தான் பாத்துகினு கீறேன்.”

பானுமதிக்குக் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

“இவங்கல்லாம் வந்தாத்தான் வசந்து போன மேல நிக்க வைக்கிறான். ஒரு மணி நேரம் வூடு முழுசாத் தெரியுது. அப்பா தெரியிறாரு. நீ அடுப்பாண்ட போறது, வர்றது, முந்தானையில கை தொடைக்கிறது, எல்லாம் தெரியுது.”

பிறகு மெதுவாகக் கேட்டாள் திவ்யா:

“இவருக்கு சரின்னு சொல்லிட்டேன்னு வையி... அடுத்த ஞாயித்துக்கெழம நீ யாரம்மா வரச் சொல்லுவ?”