பேதுருவின் கால்கள்

ஞாயிறு பள்ளி ஏழாம் வகுப்புக்கு அன்று இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய பாடம். பிள்ளைகளையே நடிக்க வைக்கலாம் என்று ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் துண்டும் எடுத்துவரச் சொன்னேன். ஆசிரியர் என்பதால் நானே இயேசுவாக நாற்காலியில் அமர்ந்தேன்.

“சார், இயேசு கீழல்லா இருக்கணும்,” என்றாள் பிளெசி. “பேதுருதான் நாற்காலியில.”

வகுப்பே சிரித்தது.

இந்தக் கோயிலைக் கட்டிய குடும்பம் எங்களுடையது. பேராயர் முன்னாலும் நான் வளைந்து நின்றதில்லை. ஆனால் பாடம் அப்படித்தான் இருந்தது. எழுந்தேன்.

“ஏ எப்சிபா, நீ போய் இரு,” என்று பிள்ளைகள் அவளை நாற்காலிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். எப்சிபா, எங்களை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட என் மகள் ஜாய்ஸின் பிள்ளை. அன்று ஜாய்ஸுக்கு நான் கதவை அடைத்ததில் தவறு இருப்பதாக இன்றும் நினைக்கவில்லை. இவள் என்னைத் தாத்தா என்று அழைத்ததில்லை, எல்லோரையும்போல சார்தான்.

முழங்காலிட்டேன். கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல், எங்கள் குடும்பத்துக் கால். தண்ணீரை அள்ளியதும் அவள் காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

“பேதுரு மொதல்ல வேண்டாம்னுதானே சொல்லுவாரு, சார்.”

சரியான பதில். பிறகு அவர் சம்மதிப்பதும் அதே பாடத்தில் உண்டு. அது அவளுக்கும் தெரியும். அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீர்ந்தது. மறுபடி அள்ளினேன்.