கறுப்படித்த ஹெட்போன்

பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்ததும் சந்தோஷ்குமாருக்குச் சுருக்கென்றது.

முழுக்கக் கறுப்பு. அவன் வரைந்த மலை இருந்த இடம் தெரியவில்லை.

‘படுபாவி, அழிச்சே போட்டானா’ என்று மனசுக்குள் வைதான்.

புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்கத்தான் சேலத்திலிருந்து நாமக்கல் வந்திருந்தான். குலதெய்வத்துக்கு வைத்த கையோடு அடுத்தது காலேஜ் நண்பன் பூபதிக்குத்தான், தாய்மாமனெல்லாம் அப்புறம் என்று வீட்டில் மல்லுக்கட்டிவிட்டு வந்தவன். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

பூபதி லாரி ஒன்றை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டப் போயிருந்தான். அவன் மனைவி மோகனப்பிரியாதான் சேரைத் துடைத்துப் போட்டு, அரை மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு டீ வைக்கப் போனாள்.

பதினோரு வருஷம் இருக்குமா? சேலத்தில் இன்ஜினியரிங் படித்த காலம். அஸ்தம்பட்டியில் இருவருக்கும் ஒரே ரூம், ஒரே பக்கெட். ஒரே மாதிரி ரெண்டு ஹெட்போன் வாங்கிவிட்டு, எது யாருடையது என்று தினமும் அடிபிடி. கடைசியில் பூபதிதான் பஞ்சாயத்தை முடித்தான். உன்னுடையதற்கு நான் பெயிண்ட் அடிக்கிறேன், என்னுடையதற்கு நீ அடி, தீர்ந்தது வழக்கு என்றான்.

லீவு நாளில் ரெண்டு பேரும் இதே பட்டறைக்கு வந்தார்கள். அப்போது பூபதியின் அப்பா இங்கே லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தார். காதில் படும் மெத்தையைக் கழற்றி வைத்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். லாரிக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டைத் தொட்டு ஆளுக்கொன்று வரைய உட்கார்ந்தார்கள்.

லாரிக் கதவில் ஜோடிக் கிளி இருக்குமே, அதை அச்சு அசலாக இறக்கிவிட்டான் பூபதி. காலேஜே கேட்டு வாங்கிப் பார்த்தது.

சந்தோஷுக்கு பிரஷ் பிடிக்கவே வராது. ஊர் சேந்தமங்கலம். விடிந்து எழுந்தால் கொல்லிமலை முகத்தில்தான் விழிக்க வேண்டும். சரி, தெரிந்ததை வரைவோம் என்று மலையை வரைந்தான். ஆறிப்போன இட்லியை வரிசையாக வைத்த மாதிரி வந்தது. போதாக்குறைக்கு தின்னரைத் தாராளமாக ஊற்றியதில் பிளாஸ்டிக்கே இளகிப் போனது.

பூபதி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே? காயக்கூட விடாமல் எடுத்து மாட்டிக்கொண்டான். ஒரு வாரம் பச்சைக் காதோடு வகுப்புக்குப் போனான். சிரித்தவர்களிடமெல்லாம், “எங்க சந்தோஷ் போட்ட மலை” என்று பெருமை வேறு பேசினான்.

அந்த நாளெல்லாம் இனி எங்கே வரப்போகிறது? அந்தப் பூபதியா இப்படி மாறிப்போனான்?

மோகனப்பிரியா டீயோடு வந்தபோது பத்திரிகை மறுபடியும் பைக்குள் போயிருந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தான். வந்ததும் வராததுமாக என்ன அவசரம் என்று அவள் கேட்க, அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“அந்த ஹெட்போனுக்குக் கறுப்பு அடிச்சுட்டானாம்மா? பரவால்ல. பழசையெல்லாம் இந்தக் காலத்துல யாரு வெச்சுக்கறாங்க? நாந்தான் பைத்தியக்காரன். அவன் போட்டுக் குடுத்த கிளியை இன்னும் பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்.”

வாய் கூசாமல் சொன்னான். போன வருஷம் ஒயர் இல்லாத புது ஹெட்போன் வீட்டுக்கு வந்த மறுநாளே, கிளியைப் படம் பிடித்து போனில் விற்பனைக்குப் போட்டவன் இவன்தான். யாரோ ஒரு பையன் வந்து பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் போனான். அதோடு சந்தோஷ் அதை மறந்தும் போனான். தன் முதுகு தனக்குத் தெரியுமா?

“ஐயோ, அது நீங்க வரஞ்சது இல்லீங்ணா” என்றாள் மோகனப்பிரியா. “உங்க மலை ஊட்ல பீரோக்குள்ள இருக்குதுங்க. புள்ளைங்க தொட்டாக்கூட இவரு ஊட்டையே ரெண்டாக்கிருவாரு.”

சந்தோஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்பேர்ப்பட்டவனைச் சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பைக்குள் கைவிட்டுப் பத்திரிகையை வெளியே எடுத்தான்.

“அப்ப இது ஏதும்மா?”

“இதுங்களா? போன வருசம் யாரோ ஒருத்தரு போன்ல விக்கறதுக்குப் போட்டிருந்தாங்களாமா. அதைப் பாத்ததுல இருந்து இவருக்கு ரெண்டு நாளு சோறே எறங்கலீங்ணா. அப்பறம் சேலத்துல இருக்கற எங்க சித்தப்பா பையனை அனுப்பி, கேட்டதைக் குடுத்து வாங்கியாரச் சொன்னாரு. கைக்கு வந்த அன்னிக்கே, நான் கண்ணுல பாக்கறதுக்குள்ள கறுப்பு அடிச்சுட்டாரு.”

சந்தோஷ் பத்திரிகையை மடியில் கவிழ்த்து வைத்தான்.

“எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டேன். இதை வித்தவன் என்னிக்காச்சும் நம்ம பட்டறைக்கு வருவான், பாத்தான்னா கூனிக் குறுகிப் போயிருவான், அவன் அப்படி நிக்கறதை என்னால பாக்க முடியாதுன்னாரு.”

அவமானத்தில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் எதையும் கவனிக்காமல் காலி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

“அது யாருன்னு கட்டுன பொண்டாட்டி எங்கிட்டயே இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாருங்ணா. நீங்க கேட்டாச் சொல்லுவாரு, கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”