தவளை எந்தப் பக்கம்?

பள்ளி அனுப்பிய தாளை அச்செடுத்து, அதிலிருந்த பதினான்கு விலங்குகளையும் வெட்டி, நிறைமதி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் 'இருப்பவை', வலப்பக்கம் 'இருந்தவை'. தவளையை அவள் இடப்பக்கம், ஆட்டுக்கு அருகில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அம்மா செங்கமலத்துக்குப் பகீரென்றது.

"இதைப் பிச்சு அந்தப் பக்கம் ஒட்டு."

"போம்மா, உனக்கு ஒண்ணும் தெரியல. நம்ம தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. என் கையில ஏறி உக்காந்துச்சு. சில்லுனு இருந்துச்சு."

செங்கமலம் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். போன மாதம் எதிர்வீட்டுப் பிள்ளை ஓணானை இடப்பக்கம் ஒட்டி அனுப்பியது. மறுநாளே, மிச்சமிருக்கும் விலங்குகளைத் தேடிப் பிடிக்கும் சேகரிப்புத் துறை ஆட்கள் வந்து, அவர்கள் வீட்டு வேலியைப் பிடுங்கி, அதிலிருந்த ஓணானைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனார்கள். அப்புறம் அது என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. இவளிடம் உள்ளதைச் சொன்னால், ஏழு வயதுக்காரி, நாளைக்கே வகுப்பில் உளறிவிடுவாள்.

"அது நிஜத் தவளை இல்ல கண்ணு. பொம்மை. யாரோ சாவி கொடுத்து விட்டிருக்காங்க."

"பொம்மைக்குத் தொண்டை துடிக்குமா?"

"துடிக்கும்."

நிறைமதி அம்மாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் தவளையைப் பிய்த்தாள். ஒரு கால் கிழிந்து ஆட்டின் பக்கமே நின்றுவிட்டது. மிச்சத்தை டைனோசருக்கு அருகில் அழுத்தி ஒட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

செங்கமலம் பின்னாலேயே போனபோது, மகள் தொட்டியடியில் தவளைக்கென்று இத்தனை நாளாக நிரப்பி வைத்துவந்த கொட்டாங்குச்சித் தண்ணீரை மண்ணில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மைக்கு எதுக்கும்மா தண்ணி?"