ஆக்சிலியாவின் இடது கை

எதிரே நீட்டியிருந்த இடது கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள் கோகிலவாணி.

அவள்தான் கடைசி. அவளுக்கு முன்னால் பார்த்த பெண்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாளை முதல் இவர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள். பேட்டரி மிஷின் தருவார்கள். ஆனாலும் அது மக்கர் செய்தால் கையால் பார்க்கத் தெரிய வேண்டும் என்பது பயிற்சி கொடுக்கும் நர்ஸ் அமுதவல்லியின் கட்டளை. டயலும் ரப்பர் பந்தும் ஸ்டெதஸ்கோப்பும்தான் பரீட்சை. எல்லோரும் ஒரே ஆளின் கையில் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆள் ஆக்சிலியா.

அவளும் பயிற்சிக்கு வந்தவள்தான். வயிற்றில் ஏழு மாதம். காலையில் கொஞ்ச நேரம் நின்றதுமே தலை வலிக்கிறது என்றாள். சரி, நீ உட்கார்ந்தே இரு, உன் கையிலேயே பார்க்கட்டும் என்று நாற்காலியைப் போட்டுவிட்டார்கள். அவளுக்கு முகம் உப்பியிருந்தது. விரலில் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது.

"புள்ளத்தாச்சி நல்லா பூரிச்சிருக்கா. ஆம்பளப் புள்ளதான், எழுதி வெச்சிக்கங்க" என்று மாதம்மாள் கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலியாவும் சிரித்தாள்.

அந்த மாதம்மாள்தான் முதலில் பார்த்தவள். வெகுநேரம் டயலை முறைத்தாள். அப்புறம் கரும்பலகையை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல உடம்புக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அமுதவல்லி அங்கே கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தாள்.

நூற்றிருபது, எண்பது என்றாள் மாதம்மாள்.

சபாஷ் என்றாள் அமுதவல்லி.

அதற்குப் பிறகு யாரும் வேறு எண் சொல்லவில்லை. செல்லி மட்டும் நூற்றுப் பதினெட்டு, எழுபத்தெட்டு என்றாள். கெட்டிக்காரி, காப்பியடித்த மாதிரி தெரியக்கூடாதல்லவா. எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது தானும் ஒருமுறை பார்ப்போமே என்று அமுதவல்லிக்குத் தோன்றவில்லை.

கோகிலவாணி பந்தை அழுத்தினாள். முள் இருநூறுக்கு ஏறியது. காற்றை விடும் திருகைத் தளர்த்தினாள். சத்தம் முதலில் கேட்கும் இடம் மேல் எண், ஓயும் இடம் கீழ் எண்.

நூற்றெழுபதிலேயே டக் என்றது.

அவள் காதை நம்பவில்லை. நம்பும்படி அந்தக் காது அவளுக்கு நல்லபேர் வாங்கித் தந்ததுமில்லை. போன முறை பயிற்சியில் தவறாகச் சொல்லி, "காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கற" என்று எல்லோர் முன்னாலும் கேட்கப்பட்டு, தேறாமல் ஏரியூர் பஸ்ஸில் அழுதுகொண்டே போனவள். இந்த முறையும் விட்டால் வேலை இன்னொருத்திக்கு.

மறுபடி ஏற்றினாள். மறுபடி நூற்றெழுபது. டக், டக் என்று யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. நூற்றுப்பத்தில்தான் ஓய்ந்தது.

கர்ப்பிணிக்கு நூற்றறுபதைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு என்று காலையில் அமுதவல்லி சொல்லியிருந்தாள். முதலில் தலை வலிக்கும், கண்ணில் பூச்சி பறக்கும், அப்புறம் வலிப்பு; அது வந்துவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றாள். எல்லோரும் அதைக் கூட்டாகத் திருப்பிச் சொன்னார்கள்.

கோகிலவாணி டயலையே பார்த்தாள். இத்தனை பேர் காதும் பொய், என் காது மட்டும் மெய்யா? அவள் சுவரோரம் திரும்பி மாதம்மாளைப் பார்த்தாள்.

மாதம்மாள் சட்டென்று தலையைக் குனிந்து, தன் புடவை ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்தாள்.

பக்கத்தில் செல்லியும் இவளைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. இப்போது சிரிப்பும் இல்லை.

"என்னம்மா, இன்னமுமா கேக்கல?" என்றாள் அமுதவல்லி.

கோகிலவாணி காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"நூத்தி இருபது, எண்பதுங்க மேடம்."

"பார்த்தியா, வருதில்ல" என்றாள் அமுதவல்லி. யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள்.

கோகிலவாணி பட்டையைப் பிரித்தாள். கை முழுக்கச் சிவந்திருந்தது. வெளியே வேப்பமரத்து வெயில் கூசுகிறதென்று ஜன்னலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்த ஆக்சிலியா, கண்ணை இடுக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த டியூப்லைட்டக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். அப்பப் புடிச்சி கண்ணுக்கு நேரா மினுக்கு மினுக்குனு மினுக்குது."

கோகிலவாணி அண்ணாந்து பார்த்தாள்.

காலையிலிருந்தே கரண்ட் இல்லை.