மாமா தூரம்

"இன்னொருக்கா அவன் ஊட்டுப் படி ஏறுனியோ, நான் உனக்கு ஆத்தா இல்ல, நீ எனக்கு மவ இல்ல!"

பொன்னாயி சாமையை உரலில் போட்டுக் குத்திக்கொண்டே சொன்னாள். ஒவ்வொரு குத்தும் மருமகன் தலையில் விழுவது போலிருந்தது.

"நான் போறேன்னு யாரு சொன்னா?" என்றாள் கண்ணாயி.

கணவன் சின்னராசுவை விட்டு அவள் தாய் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் கூத்து. கதிர் முற்றி நின்ற நேரத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டியவன், சேந்தமங்கலத்தில் கூத்து என்று கேள்விப்பட்டதும் மலை இறங்கிவிட்டான். அவன் திரும்பியபோது காட்டில் தாள்கூட மிஞ்சவில்லை. வந்தவன் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னானா? ராஜா வேஷக்காரன் பாடியதை அவளுக்குப் பாடிக் காட்டினான்! அந்தப் பாட்டு முடிவதற்குள் கண்ணாயி மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"சந்தை கழிஞ்சதும் ஊர்க்கூட்டம். அந்தக் கூத்துப் பைத்தியத்தை அத்துவுட்டுட்டு வேற நல்ல மாப்பிள்ளையாப் பாத்துருவோம்," என்றாள் பொன்னாயி.

கண்ணாயிக்கு ஏனோ சுருக்கென்றது. பேச்சை மாற்றினாள். "தினைமாவுக்குத் தேன் எங்க ஆத்தா?"

"எறும்பு ஏறிப் போச்சு. கொட்டிட்டேன்."

தினைமாவை வெறுமனே தின்றுவிட்டுக் கண்ணாயி வேலைக்குக் கிளம்பினாள். தோட்டத்துத் துரையின் பங்களாவில் பெருக்கித் துடைக்கும் வேலை. அங்கே எலனாம்மா இருந்தாள். போலந்து தேசத்துக்காரி. ஐரோப்பா யுத்தத்தில் ஊரை இழந்து, கப்பலேறி வந்து, துரை குடும்பத்தோடு தங்கியிருந்தாள். கையோடு கொண்டுவந்தது ஒரு பாட்டுப்பெட்டி.

கூத்துக்குப் பிறகு பாட்டு என்றாலே கண்ணாயிக்கு ஆகாது. ஆனால் கொஞ்ச நாளாக, அவள் விளக்குமாற்றை எடுத்தாலே எலனாம்மா ஓடி வந்து ஒரு தட்டை வைத்துச் சாவி கொடுப்பாள். எப்போதும் அதே தட்டுதான். ஒரு பெண் குரல் இழுத்து இழுத்துப் பாடும். ஒரு சொல்லும் விளங்காது, ஒன்றைத் தவிர.

மாமா.

கண்ணாயி சின்னராசுவைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

அன்று எலனாம்மாவுக்கு நல்ல உற்சாகம். "எங்க ஊர். சனிக்கிழமை. ஊடு ஊடு பாட்டு!" என்று மேசையைச் சுவரோரம் தள்ளிக் காட்டினாள். அறிந்த நாலைந்து தமிழ் வார்த்தையும் கையசைப்புமாக அவள் சொன்னதிலிருந்து கண்ணாயி ஒருவாறு புரிந்துகொண்டாள். அவள் ஊரில் முட்டைக்கோசை நறுக்கி ஊறப்போடும்போதும் பாட்டாம். வேலை முடிந்ததும் ஒருவன் துருத்திப் பெட்டி வாசிக்க, புருஷனும் பெண்டாட்டியும் கட்டிக்கொண்டு ஆடுவார்களாம்.

"மாமியாக்காரி பாத்துட்டு இருப்பாளுங்களா?"

"ஆமா, ஆமா!" என்று கேள்வி புரியாமலே தலையாட்டிய எலனாம்மா, கண்ணாயியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். விளக்குமாறு ஒரு பக்கம் பறந்தது. கண்ணாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போது பாட்டில் அந்தச் சொல் வந்தது. எலனாம்மா நின்றுவிட்டாள். நெஞ்சில் கை வைத்து, ஜன்னலுக்கு வெளியே மலைகளுக்கும் அப்பால் எங்கோ காட்டினாள்.

"மாமா தூரம்," என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"வந்துருவாருங்க. அழுவாதீங்க கண்ணு," என்றாள் கண்ணாயி, துரைசாணி என்பதையும் மறந்து.

எலனாம்மா கண்ணைத் துடைத்தாள். பால் விடாத தேத்தண்ணீரில் தேனை ஊற்றிக் கலக்கி, ஒரு கோப்பையைக் கண்ணாயிக்கும் நீட்டினாள்.

குடித்துக்கொண்டே கண்ணாயி ஜன்னல் வழியே ஓடைப் பக்கம் பார்த்தாள். 'இவங்க மாமா கடலுக்கு அந்தப் பக்கம். எம் மாமா ஓடைக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டா கேக்கும்.'

அன்று மாலை அவள் தாய் வீட்டுக்குப் போகவில்லை. ஓடையைத் தாண்டினாள்.

சின்னராசு பன்றிக் காவலுக்குப் புதுப் பரண் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த மூங்கில் காலில் விழுந்தது.

"கண்ணாயி..." என்று ஆரம்பித்தான்.

"பாடிராதே மாமா. கயித்தை இழுத்துக் கட்டு."

சந்தைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். பங்களாவுக்குச் சாமான் கொண்டுவரும் அடிவாரத்து வியாபாரி அப்பாஸ் அலி அங்கே கடை விரித்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர், எலனாம்மாவோடு பேசக்கூடியவர்.

"அட, சேந்துட்டீங்களா? அப்போ ஊர்க்கூட்டம் இல்லையா தாயி?"

"எல்லாம் எலனாம்மா பாட்டுனாலதானுங்க. ஊட்டுக்காரரை நெனச்சு அப்படி அழுவுறாங்க. பாவம், அவரு எங்க இருக்காரோ?"

"ஊட்டுக்காரரா? அந்தம்மாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே!"

"மாமா மாமான்னுதானுங்களே பாட்டு வருது?"

அப்பாஸ் அலி சிரித்தார். "அவங்க பாஷையில மாமான்னா அம்மா. அது ஆத்தாளை நெனச்சுப் பாடுற பாட்டு தாயி."

கண்ணாயிக்கு முகம் சிவந்தது. சட்டென்று சந்தேகமும் வந்தது. "அப்போ நான் போறப்ப மட்டும் அதே தட்டை எதுக்கு வெக்கறாங்க? ஏன் மாமா, இது உன் வேலையா?"

"சத்தியமா இல்ல! நான் அந்தப் பங்களாப் பக்கமே போனதில்ல," என்றான் சின்னராசு.

"அவனை ஏன் தாயி மெரட்டறே?" அப்பாஸ் அலி உப்பை அளந்துகொண்டே சொன்னார். "ஒரு நா சந்தையில அந்தப் பாட்டைப் பத்தி நான் சொல்லப்போக, 'மாமான்னு கூப்புடற அந்தத் தட்டை எம் மவ வரப்பெல்லாம் வெக்கச் சொல்லுங்க பாய், நான் போன்னு சொன்னா அவ போக மாட்டா'ன்னு, ஒரு குடுக்கை நெறயத் தேனோட என்னைப் பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போனதே உங்க ஆத்தாதான்!"